எக்ஸ்டென்ஷன் ரூமில் தொங்கும் இரும்பு பீமை சீலிங்குக்குள் மறைப்பது எப்படி?

முத்துநகர்_வீடு

வணக்கம். தூத்துக்குடியில் தரைத்தளம் மட்டும் உள்ள பழைய வீடு. 9 இன்ச் செங்கல் சுவர்தான் பாரம் தாங்குது, தூண் எதுவும் கிடையாது. பின்பக்கம் புதுசா ஒரு ரூம் இழுத்து, டைனிங்குக்கும் அதுக்கும் நடுவில் இருந்த சுவரை 13 அடிக்கு எடுத்தாச்சு. சுவர் இருந்த இடத்தில் ஐ.எஸ்.எம்.பி. 200 கர்டர் (200 மி.மீ. உயர 'ஐ' வடிவ இரும்பு பீம்) ரெண்டு, பக்கத்தில் பக்கத்தில். எஞ்சினியர் டிசைன்படிதான் போட்டிருக்கு. பழைய ஸ்லாப்போட விளிம்பை நாலரை இன்ச் உடைச்சு, கம்பியை வெளியே எடுத்து, புது ஸ்லாப் கம்பியோட கட்டி கான்கிரீட் போட்டாங்க. ரெண்டு பக்கமும் ஸ்லாப் அடிமட்டம் 10 அடி. பழைய ரூம் அகலம் 12 அடி, புது ரூம் 14 அடி.

இப்போ கர்டர் ரெண்டும் ஸ்லாப்புக்குக் கீழே 9 இன்ச் அளவுக்குத் தொங்குது. ரெட் ஆக்ஸைடு ஒரு கோட் மட்டும் அடிச்சிருக்கு. மறைக்கிறதுக்கு மூணு பேர் மூணு விதமா சொல்றாங்க. கார்பென்டர் பிளைவுட் பாக்ஸ் அடிச்சு லேமினேட் ஒட்டலாம்கிறார். கொத்தனார் கோழி வலை சுத்திப் பூசிடலாம்கிறார். ஃபால்ஸ் சீலிங்காரர் ரெண்டு ரூமையும் மொத்தமா பீம் அடிமட்டத்துக்கு இறக்கிடுவோம், பீம் இருக்கிற இடமே தெரியாதுங்கிறார்.

எது சரி? ஒட்டி கிச்சன் இருக்கு. புது ரூமில் ஏசி வரும், ரெண்டு ரூமிலும் ஃபேன் உண்டு. புது ரூம் மொட்டை மாடியில் தட்டோடு இன்னும் பதிக்கலை. நாலைஞ்சு வருஷத்தில் மாடி எடுக்கிற யோசனையும் இருக்கு.

ஸ்ட்ரக்சர்_எஞ்சினியர்

எதை வைத்து மூடுவது என்பதைப் பிறகு பார்க்கலாம். மூடினால் திரும்பப் பார்க்க முடியாதவை சில இருக்கின்றன. அவற்றை முதலில் முடியுங்கள்.

கர்டரின் மேல் பட்டைக்கும் ஸ்லாப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி எப்படி அடைக்கப்பட்டிருக்கிறது? நீங்கள் சொல்லும் 9 இன்ச்சில் கர்டர் 8 இன்ச், மீதி ஒரு இன்ச் இந்த அடைப்புதான். பல சைட்டில் இரும்பு ஆப்பு நாலு இடத்தில் அடித்துவிட்டு, வெளிவிளிம்பில் மட்டும் கலவை பூசி மூடிவிடுவார்கள். அப்படியானால் ஸ்லாப் அந்த நாலு ஆப்பின் மேல் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறது. சின்னச் சுத்தியால் ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். வெற்றுச் சத்தம் வரும் இடத்தில் விளிம்புக் கலவையைச் சுரண்டிவிட்டு ட்ரை பேக் (ஈரம் குறைந்த கலவையை இறுக்கி அடைப்பது) செய்ய வேண்டும். 1 சிமென்ட், 2 மணல். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், நீர் கசியக் கூடாது. கட்டையை வைத்து உள்ளே குத்திக் குத்தி இறுக்கணும். நீர்த்த கிரௌட் (ஓடும் பதத்தில் உள்ள சிமென்ட் கலவை) ஊற்றுவதானால் பக்கப் பலகை அடைத்து ஒரு பக்கமிருந்து மட்டும் ஊற்றணும், இல்லாவிட்டால் நடுவில் காற்று நிற்கும். முட்டு இன்னும் இருந்தால் இதற்குப் பிறகு 7 நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து முனைகள். இரண்டு ரூமிலும் பாதிப் பாதி அகலம் எடுத்தால் 13 அடி, அதாவது 4 மீட்டர் ஸ்லாப் இந்த பீமில் இறங்குகிறது. தட்டோடு, நடமாட்டம் எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்தால், பீமின் ஒவ்வொரு மீட்டருக்கும் 2.4 டன். ஆக, ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 5 டன். இது 9-க்கு 9 இன்ச் செங்கல் மேல் நேராக உட்கார்ந்தால் செங்கல் நசுங்கும். அடியில் கான்கிரீட் பெட் பிளாக் இருக்க வேண்டும், குறைந்தது 18 இன்ச் நீளம், 6 இன்ச் கனம். பெட் பிளாக் இல்லையென்றால் இப்போதே உங்கள் எஞ்சினியரிடம் கேளுங்கள். பூசிய பிறகு முனையில் சாய்வாக விரிசல் ஓடும்போது கேட்பது தாமதம்.

மூன்றாவது, மாடி யோசனை. 4 மீட்டர் நீளத்துக்கு இரண்டு 200 கர்டர் 2.4 டன் பாரத்தில் சுமார் 9 மி.மீ. வளையும். விரிசல் விடக்கூடிய பூச்சு, போர்டு இருக்கும் இடத்தில் ஐ.எஸ். 800 (இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி) அனுமதிப்பது நீளத்தில் 360-ல் ஒரு பங்கு. உங்கள் 13 அடிக்கு அது 11 மி.மீ. அதாவது இன்றைக்குச் சரி, ஆனால் கையிருப்பு அதிகமில்லை. மேலே 10 அடி உயரத்துக்கு 9 இன்ச் சுவர் வந்தால் அதுவே மீட்டருக்கு ஒன்றரை டன் கிட்ட. அதற்கு மேல் இன்னொரு ஸ்லாப். மொத்தம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். மாடி நிஜமாகவே வரும் என்றால் இந்த கர்டருக்கு என்ன செய்வது என்பதை மறைப்பதற்கு முன் முடிவு செய்யணும். நடுவில் ஒரு தூண் விடுவதா, பீமை மாற்றுவதா, மாடிச் சுவரை வேறு இடத்துக்கு நகர்த்துவதா என்று வழிகள் உண்டு. எல்லாமே இப்போது செலவு குறைவு.

தட்டோடு பதிக்கவில்லை என்கிறீர்கள். அதைப் பதித்து முடித்த பிறகே சீலிங். செங்கல் ஜல்லி போட்டு ஓடு பதித்தால் சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவுக்குப் பாரம் ஏறும், பீம் இன்னும் கொஞ்சம் இறங்கும். சீலிங் முடிந்த பிறகு இறங்கினால் முதல் விரிசல் பீம் ஓரத்தில்தான் வரும்.

இரும்பு_பட்டறை

எஞ்சினியர் சார் சொன்னதோட பெயின்ட்டையும் சேர்த்துக்கோங்க. தூத்துக்குடி உப்புக் காத்துக்கு ஒரு கோட் ரெட் ஆக்ஸைடு பத்தாது. மூடின இடத்தில் துரு வந்தா அது ஊதி போர்டையும் பூச்சையும் தள்ளும், அப்போதான் வெளியே தெரியும்.

கர்டர் மேல் கருநீலமா மினுக்குற தோல் இருக்கு பாருங்க, உருக்காலையில் இருந்து வந்த மில் ஸ்கேல். அது மேல பெயின்ட் அடிச்சா தோலோட சேர்ந்து உரியும். கிரைண்டரில் கப் பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுக்கணும். அப்புறம் ரெண்டு வழி இருக்கு. பழைய ரெட் ஆக்ஸைடு மேலயே அடிக்கிறதுன்னா சாதா ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் ரெண்டு கோட், ஒரு கோட் எனாமல். ரெண்டு டப்பா கலக்குற எபாக்ஸி பிரைமர்தான் வேணும்னா, இருக்கிற ரெட் ஆக்ஸைடை முழுக்கச் சுரண்டி எடுத்தே ஆகணும். எபாக்ஸியில் இருக்கிற சால்வென்ட் அடியில் உள்ள சாதா பெயின்ட்டைச் சுருக்கி தூக்கிடும், கொஞ்ச நேரத்திலேயே தோல் மாதிரி சுருங்கி நிக்கும்.

ரெண்டு கர்டருக்கும் நடுவில் உள்ள சந்துதான் தலைவலி. சுவரைப் பாதிப் பாதியாக் குடைஞ்சு ஒவ்வொண்ணா ஏத்தினதால் உள்பக்கம் ஏத்துறதுக்கு முன்னாடி அடிச்ச பெயின்ட்தான், அதுவும் கலவை உரசிப் போயிருக்கும். சந்து 30 மி.மீ. இருந்தா ஸ்ப்ரே கன்னில் நீள நாசில் மாட்டி அடியில் இருந்து உள்ளே ரெண்டு பக்கமும் அடிங்க. முதல்ல கம்ப்ரஸர் காத்தால் தூசியை ஊதி வெளியே தள்ளணும்.

ரெண்டு கர்டரும் ஒண்ணா வேலை செய்ய அடியில் பட்டை வெச்சுக் கட்டியிருக்கா? இல்லேன்னா எஞ்சினியர்கிட்ட கேட்டு, ரெண்டு அடிக்கு ஒண்ணா குறுக்குப் பட்டை வைங்க. பாரம் ஏறின கர்டரில் வெல்டிங்கை ஒரே மூச்சா இழுக்கக் கூடாது. சின்னச் சின்னத் துண்டா, ஒரு முனை, அப்புறம் எதிர் முனைன்னு ஆறவிட்டு ஆறவிட்டுப் போடணும். வெல்டிங் போட்ட இடத்தில் பெயின்ட் எரிஞ்சு போயிருக்கும், மேலே படியுற ஸ்லாக்கை (வெல்டிங் கசடு) தட்டிட்டுத் திரும்ப பிரைமர் அடிக்க மறந்துடாதீங்க. துரு ஆரம்பிக்கிறதே அங்கிருந்துதான்.

சீலிங்_கான்ட்ராக்டர்

ரெண்டு ரூமையும் முழுசா இறக்க வேண்டாம் ப்ரோ. உங்க சீலிங்காரருக்குச் சதுர அடி கூட வரும், அவ்வளவுதான். 26 அடிக்கு 13 அடி முழுக்க 9 அடிக்கு இறக்கினா ஹால் அமுங்கின மாதிரி ஆயிடும், பீம் 13 அடிக்கு மட்டும் தொங்குறதுக்காக மொத்த உயரத்தையும் கொடுக்கணுமா?

பீமை மட்டும் ஜிப்சம் பாக்ஸா அடிச்சுக்கலாம். அளவு சொல்றேன். ஸ்லாப்பில் இருந்து ட்ரை பேக் 25, கர்டர் 200, அடியில் இடைவெளி 15, ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) சட்டம் 26, போர்டு 12.5. மொத்தம் 280 மி.மீ., 11 இன்ச். அகலம் ரெண்டு கர்டரும் சந்தும் சேர்த்து 230, ரெண்டு பக்கமும் இடைவெளி, சட்டம், போர்டு எல்லாம் சேர்த்து 330, அதாவது 13 இன்ச். பாக்ஸ் அடிமட்டம் தரையில் இருந்து 9 அடி 1 இன்ச். தாராளமா இருக்கு. அந்த 15 மி.மீ. இடைவெளியை விட்டுக்கொடுக்காதீங்க. குறுக்குப் பட்டை, வெல்டிங் புடைப்பு எல்லாம் அதுக்குள்ள அடங்கணும், கர்டர் வளையும்போது போர்டில் முட்டவும் கூடாது. பட்டை 8 மி.மீ.க்கு மேல் கனமா இருந்தா இடைவெளியைக் கூட்டிக்கோங்க.

சட்டத்தை கர்டரில் மாட்டாதீங்க, ஸ்லாப்பில் மாட்டுங்க. கர்டர் ரெண்டு பக்கமும் ஸ்லாப் அடியில் நூல் அடிச்சு பெரிமீட்டர் சேனல் (ஓரத்தில் ஓடுற ஜி.ஐ. சட்டம்) ஓட்டணும், 2 அடிக்கு ஒரு ஃபாஸ்டனர். அதில் இருந்து ஒன்றரை அடிக்கு ஒண்ணா சீலிங் செக்ஷனை (போர்டைத் தாங்குற ஜி.ஐ. சட்டம்) வெட்டித் தொங்கவிட்டு, கீழே ரெண்டு பக்கமும் இன்னொரு பெரிமீட்டர் சேனல். ரெண்டையும் பீமுக்கு அடியில் குறுக்குத் துண்டால் சேர்த்தா ஏணி மாதிரி வந்திரும். எல்லாச் சேர்ப்பும் மெட்டல் ஸ்க்ரூ, கட்டுக்கம்பி வேண்டாம்.

ஸ்லாப்பில் துளை போடுறப்போ கவனம். நாலரை, அஞ்சு இன்ச் ஸ்லாப்தான். 35 மி.மீ. ஃபாஸ்டனருக்கு மேல் ஆழம் போகாதீங்க, டிரில் பிட்டில் டேப் சுத்தி அளவு வெச்சுக்கோங்க. கம்பியில் தட்டினா நிறுத்திட்டு 2 இன்ச் தள்ளிப் போடணும். ஃபேன் பாக்ஸில் இருந்து ஸ்விட்ச் போர்டுக்குப் போற பைப் ஸ்லாப்புக்குள்ளதான் ஓடும், அது எந்தத் திசையில் போகுதுன்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேட்டுக் குறிச்சுட்டு அப்புறம் தொடுங்க.

சாமான் கணக்கு: போர்டு 6-க்கு 4 ஷீட் மூணு. ஒரு ஷீட்டை 13, 11, 11 இன்ச்னு நீளவாக்கில் வெட்டினா அடி, ரெண்டு பக்கம்னு ஒரு முழு செட், 6 அடி நீளத்துக்கு. மிச்சம் இருக்கிறதும் சரியா 13 இன்ச் பட்டை, அது அடிப்பக்கத்துக்கு ரெண்டாவது அடுக்கா போயிரும், துண்டு கூட வீணாகாது. பெரிமீட்டர் சேனல் 12 அடி நீளத்தில் அஞ்சு, சீலிங் செக்ஷன் மூணு. 25 மி.மீ. ஸ்க்ரூ 200 கைவசம் இருக்கட்டும், ரெண்டாவது அடுக்குக்கு 40 மி.மீ. ஸ்க்ரூ கொஞ்சம். கார்னர் பீட் ரெண்டு மூலைக்கும் சேர்த்து 26 அடி.

எல்லா ஷீட்டையும் ஒரே இடத்தில் இருந்து ஆரம்பிச்சா மூணு முகத்திலும் ஜாயிண்ட் 6 அடியிலும் 12 அடியிலும் ஒரே கோட்டில் விழும். அப்புறம் அந்த இடத்தில் வளையம் போட்ட மாதிரி விரிசல். அடிப்பட்டையை 3 அடித் துண்டில் ஆரம்பிச்சா ஜாயிண்ட் மாறி மாறி வரும். ஸ்க்ரூ 9 இன்ச்சுக்கு ஒண்ணு, விளிம்பில் இருந்து 12 மி.மீ. உள்ளே. ஸ்க்ரூ தலை காகிதத்தைக் கிழிக்காம கொஞ்சம் அமுங்கணும். கிழிச்சிருச்சுன்னா அந்த ஸ்க்ரூ பிடிக்காது, பக்கத்தில் இன்னொண்ணு போடுங்க.

ஜாயிண்டுக்குப் பேப்பர் டேப். ஃபைபர் டேப் ஒட்டச் சுலபம்னு நிறைய பேர் போடுறாங்க, அசையுற இடத்தில் அது நிக்காது. கம்பவுண்டு மூணு கோட், ஒவ்வொரு கோட்டும் முந்தையதை விட அகலமா, நடுவில் நல்லாக் காயணும். மழைக்காலத்தில் ஒரு நாள் பத்தாது.

கொத்து_கரண்டி

ஜிப்சம் போடுறதில் தப்பில்லை, ஆனா உங்க கொத்தனார் சொன்னதையும் தள்ளிவிடாதீங்க. பாக்ஸ் 13 இன்ச் அகலம் வருதுன்னு மேலே சொல்லியாச்சு. உங்க சுவர் பூச்சோட 10, பத்தேகால் இன்ச்தான் இருக்கும். அப்போ ரெண்டு முனையிலும் பாக்ஸ் சுவரை விட ஒன்றரை இன்ச் பிதுங்கி நிக்கும். சில பேருக்கு அது பார்டர் மாதிரி பிடிக்கும், சில பேருக்குக் கண்ணை உறுத்தும். பூசினா சுவர் மட்டத்துக்கே கொண்டு வந்திரலாம், பார்க்க கான்கிரீட் பீம் மாதிரியே இருக்கும். கர்டர் ரெண்டும் நூலுக்கு நேரா இருக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை.

செய்முறை: கர்டரோட பக்கக் குழியில் சின்ன ஜல்லி போட்டு 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் அடைக்கணும். பலகை அடிச்சு, பக்கவாட்டில் வாய் விட்டு, ஒரு அடி ஒரு அடியா. இல்லேன்னா சாலிட் பிளாக்கை வெட்டிக் கலவையில் பதிக்கலாம். குழியை அடைக்காம வலையை மட்டும் சுத்திப் பூசுறவங்க இருக்காங்க. அது தட்டினா தகர டப்பா சத்தம் போடும், ஆணி அடிச்சாப் பெயர்ந்து வரும். அடைச்சதுக்கு அப்புறம் 6 மி.மீ. கம்பியை 'ப' மாதிரி வளைச்சு 10 இன்ச்சுக்கு ஒண்ணா பீமைச் சுத்திப் போட்டு, அது மேல வலை. கோழி வலை வேண்டாம், தொளதொளன்னு நிக்கும், அடிப்பக்கத்தில் கலவை தொங்கி விழும். ஒரு இன்ச் கட்டம் போட்ட வெல்டு மெஷ், ஜி.ஐ. பூசினது வாங்குங்க. வலை சுவர் மேல 6 இன்ச், ஸ்லாப் மேல 4 இன்ச் ஏறணும். இரும்பும் செங்கலும் சேர்ற கோட்டில் வலை இல்லேன்னா விரிசல் நிச்சயம்.

பூச்சு ரெண்டு கோட்டில்: முதல் கோட் 1:3, அரை இன்ச்சுக்கும் குறைவா, சீப்பு கீறி விடணும். மறுநாள் 1:4. பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான எம்-சாண்ட்) நல்லாச் சலிச்சது. முதல் கோட்டுக்கு முன்னாடி லேட்டக்ஸ் கலந்த சிமென்ட் பால் அடிச்சு, அது காயுறதுக்குள்ள பூசணும். 7 நாள் தண்ணி. அடிப்பக்கத்தில் தண்ணி நிக்காது, ஈரச் சாக்கைக் கட்டிவிடுங்க.

ஒண்ணு மட்டும் செய்யவே கூடாது. இரும்பு மேல நேரா ஜிப்சம் பிளாஸ்டர் பூசுறது. சிமென்ட்டில் இருக்கிற காரம் இரும்பைக் காப்பாத்தும், ஜிப்சத்தில் அது கிடையாது, ஈரத்தை வெச்சுக்கிட்டு அரிக்கும். வெள்ளைப் பூச்சில் காப்பிக் கறை மாதிரி துரு ஊறி வர்றது அதனால்தான்.

ஸ்ட்ரக்சர்_எஞ்சினியர்

கொத்து_கரண்டி சொன்ன முறை நல்ல முறைதான். ஆனால் அந்தக் கான்கிரீட்டும் பூச்சும் சேர்ந்து மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் வரும். 2.4 டன்னில் அது சின்னத் தொகை போலத் தெரியும். வளைவுக் கையிருப்பு 2 மி.மீ. மட்டுமே உள்ள பீமில் அதையும் டிசைன் செய்தவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

தீ விஷயத்தில் பூச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. இரும்பு எரியாது என்பதால் பலரும் கவலைப்படுவதில்லை. ஆனால் 550 டிகிரி வாக்கில் அதன் பலம் பாதியாகிவிடும். கிச்சனை ஒட்டிய பீம், மேலே ஸ்லாப் முழுக்க அதன் மேல். கார்பென்டர் சொன்ன பிளைவுட் பாக்ஸை நான் இதனால்தான் விலக்குகிறேன். அது தீக்கு விறகு, கரையானுக்கும் வசதி. ஜிப்சம் என்றால் கிச்சன் பார்த்த பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் தீ தாங்கும் போர்டு, இளஞ்சிவப்புக் காகிதம் ஒட்டியது, இரண்டு அடுக்கு. முதல் அடுக்கின் ஜாயிண்ட் மேல் இரண்டாவது அடுக்கின் ஜாயிண்ட் விழக் கூடாது. அந்தப் பாக்ஸில் டவுன்லைட்டுக்கு ஓட்டை போட்டால் தீத் தடுப்பு அங்கேயே முடிந்தது. 15 மி.மீ. இடைவெளியில் லைட் உட்காரவும் செய்யாது.

முத்துநகர்_வீடு

எல்லாருக்கும் நன்றி. சுத்தியால் தட்டிப் பார்த்தாச்சு, நடுவில் 3 அடி நீளத்துக்கு வெற்றுச் சத்தம். ட்ரை பேக் பண்ணச் சொல்லியிருக்கு. பெட் பிளாக் ரெண்டு முனையிலும் இருக்கு. மாடி விஷயம் எஞ்சினியர்கிட்ட பேசுறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். பழைய ஸ்லாப்பும் புது ஸ்லாப்பும் சேர்ற கோடு சரியா பீமுக்கு மேலதான் வருது. மழையில் அங்கே கசிஞ்சா பாக்ஸுக்குள்ள இறங்காதா? அப்புறம் ஏசி பைப்பை அந்த பாக்ஸ் வழியாவே கொண்டு போகலாமா?

கொத்து_கரண்டி

கசியும். பழைய கான்கிரீட்டும் புதுசும் ஒரு நாளும் முழுசா ஒட்டாது, புதுசு காயும்போது சுருங்கி முடி அளவு கோடு விடும். அதனால் தட்டோடு பதிக்கிறதுக்கு முன்னாடியே அந்தக் கோட்டைப் பாருங்க. கோடு நெடுக 'வி' மாதிரி முக்கால் இன்ச் வெட்டி, தூசி ஊதி, பாலிமர் கலவை அடைச்சு, அது மேல ரெண்டு பக்கமும் 6 இன்ச் வர்ற மாதிரி ஃபைபர் துணி வெச்சு வாட்டர்ப்ரூஃப் ரெண்டு கோட். பாரபெட் சுவர் ஓரத்திலும் அதையே ஒரு அடி மேல ஏத்திவிடணும், பாதி ஒழுக்கு மூலையில்தான். அப்புறம் செங்கல் பாத்தி கட்டி 2 இன்ச் தண்ணி நிறுத்தி ரெண்டு நாள் விடுங்க. கீழே இருந்து டார்ச் அடிச்சு ட்ரை பேக் ஓரத்தைப் பாருங்க. ஒரு சொட்டு ஈரம் தெரிஞ்சாலும் சீலிங்காரரை உள்ளே விடாதீங்க. அவசரம் இல்லேன்னா ஐப்பசி, கார்த்திகை மழை போகட்டும், பொங்கலுக்கு அப்புறம் மூடலாம். அதை விட நல்ல டெஸ்ட் கிடையாது.

சீலிங்_கான்ட்ராக்டர்

ஏசி பைப் அந்த பாக்ஸில் வேண்டாம். கர்டருக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கிறது விரல் நுழையுற இடம். காப்பர் பைப்பும் இன்சுலேஷனும் அதில் நசுங்கும், நசுங்கின இடத்தில் வேர்க்கும், அந்தத் தண்ணி நேரா கர்டர் மேல சொட்டும். ட்ரெயின் பைப்புக்கு வாட்டம் வேற வேணும், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது. இன்டோர் யூனிட்டைப் புது ரூமோட வெளிச்சுவரில் மாட்டினா பைப் அப்படியே வெளியே போயிரும். வேற வழியே இல்லேன்னா பாக்ஸை ஒரு பக்கம் 4 இன்ச் அகலப்படுத்தி, பைப்புக்குத் தனிப் பாதை விட்டு, நடுவில் போர்டு தடுப்பு வெச்சு அடிக்கலாம். பின்னாடி குழாய் கேஸ் வந்தா அந்த லைனையும் சீலிங்குக்குள்ள விடாதீங்க. சிலிண்டர் கேஸ் கீழே தங்கும், குழாயில் வர்ற இயற்கை எரிவாயு லேசானது, கசிஞ்சா மேலே ஏறி சீலிங் பொந்தில்தான் சேரும்.

ஃபேனைப் பத்தி யாரும் சொல்லலை. ரெண்டு ஃபேனும் ஸ்லாப் கொக்கியில்தான் தொங்கணும். இறக்கை நுனிக்கும் பாக்ஸுக்கும் நடுவில் ரெண்டு அடி இருக்கட்டும், இல்லேன்னா காத்து பாக்ஸில் மோதித் திரும்பும், ஃபேன் ஓடுற சத்தமும் மாறும்.

பாக்ஸ் சுவரில் முட்டுற ரெண்டு முனையிலும், ஸ்லாப்பில் சேர்ற ஓரத்திலும் புட்டி வெச்சு மூடச் சொல்லாதீங்க. 5 மி.மீ. சந்து விட்டு பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் சீலன்ட் அடிங்க. வெயில்ல ஸ்லாப் நீண்டு சுருங்குறதை அது வாங்கிக்கும். சிலிக்கான் அடிச்சுட்டா பெயின்ட் பிடிக்காது, அந்தக் கோடு மட்டும் எப்பவும் பளபளன்னு தெரியும்.

இரும்பு_பட்டறை

ரெண்டு முனையிலும், பக்கவாட்டில், ஒரு அடி நீளத்துக்கு போர்டை நிரந்தரமா மூடாம கதவு மாதிரி விடச் சொல்லுங்க. கர்டர் பெட் பிளாக்கில் உட்கார்ற இடமும், தண்ணி இறங்கினா முதல்ல சேர்ற இடமும் அதுதான். காந்தம் வெச்ச மூடி ஹார்டுவேர் கடையில் கிடைக்குது, பெயின்ட் அடிச்சா கோடு மட்டும்தான் தெரியும். மழைக்காலம் முடிஞ்சதும் திறந்து டார்ச் அடிச்சுப் பார்க்கலாம்.

ஸ்ட்ரக்சர்_எஞ்சினியர்

அந்தக் கதவு கிச்சன் பக்கம் வேண்டாம், புது ரூம் பக்கம் வையுங்கள். இன்னொன்று: இதைப் படிக்கும் வேறு யாராவது இன்னும் ஸ்லாப் போடாமல் இருந்தால், எக்ஸ்டென்ஷன் ஸ்லாப் ஓரத்தில் கான்கிரீட் பீமை மேல்நோக்கி, மொட்டை மாடிப் பக்கம் வருமாறு போட முடியுமா என்று டிசைன் செய்பவரிடம் கேளுங்கள். கீழே சீலிங் ஒரே மட்டமாக இருக்கும். மாடியில் ஒரு அடி உயரத்துக்கு வரப்பு நிற்கும், நீர் அதைத் தாண்டிப் போக ஸ்லாப் மட்டத்தில் 4 இன்ச் பைப் இரண்டு இடத்தில் கான்கிரீட்டுக்கு முன்பே பதிக்க வேண்டும். ஸ்லாப் கம்பியை அந்த பீமின் வளையத்துக்குள் ஏற்றிக் கட்டினால்தான் ஸ்லாப் அதில் தொங்கும். பழைய ஸ்லாப்புக்கு இது எளிதில் ஒத்துவராது, அதன் கம்பியைத் தூக்கிப் பிடிக்க எதுவும் இருக்காது. முத்துநகர்_வீடு, உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ட்ரை பேக் முடிந்ததும் மறுபடியும் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.